எஸ்2000 வாங்கப் போகிறேன்: ஏபி1-இன் 2.0 இன்ஜினா, ஏபி2-இன் 2.2-ஆ? டர்போ போட்டால் எது தாங்கும்?

மார்க்கம்மாலை எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, இப்போதுதான் முதல்முறை எழுதுகிறேன். டொரோண்டோ பக்கம் இருக்கிறேன். மூன்று வருடம் சேர்த்த காசு கையில் இருக்கிறது, ஹோண்டா எஸ்2000 ஒன்று வாங்கியே தீருவது என்று முடிவு. வீட்டில் சம்மதம் வாங்கியது தனிக் கதை, அதை இங்கே எழுதினால் யாராவது அவளிடம் காட்டிவிடுவீர்கள்.

இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2002 ஏபி1 (எஸ்2000-இன் முதல் தலைமுறை), வெள்ளி நிறம், 1,68,000 கிலோமீட்டர், 2.0 லிட்டர் எஃப்20சி இன்ஜின். இன்னொன்று 2006 ஏபி2 (அடுத்த தலைமுறை), கறுப்பு, 1,21,000 கிலோமீட்டர், 2.2 லிட்டர் எஃப்22சி1 இன்ஜின். பழசு கிட்டத்தட்ட ஏழாயிரம் டாலர் மலிவு.

இரண்டுக்கும் பேப்பரில் 240 குதிரைத்திறன் என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? ஒருவர் 9,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) போகாத எஸ்2000 எஸ்2000-ஏ இல்லை என்கிறார், இன்னொருவர் 2.0-வில் ஆறாயிரத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை, சிக்னலில் மினிவேன் முந்திப் போகும் என்கிறார். எனக்கு ஒரு வருடம் ஓட்டிவிட்டு டர்போ போட ஆசை, சக்கரத்தில் 400 குதிரைத்திறன் வந்தால் போதும். 2.2-இன் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) 2.0-வுக்குள் போடலாம் என்றும் எங்கோ படித்தேன், உண்மையா? குளிரில் ஓட்டமாட்டேன், நவம்பரில் மூடி வைத்து ஏப்ரலில்தான் எடுப்பேன்.

ரெட்லைன்9000 எழுதியது:

ப்ரோ, நான் 2001 ஏபி1 வைத்திருக்கிறேன், அதனால் நடுநிலையாகப் பேசுவேன் என்று நம்பாதீர்கள்.

240 என்பது இரண்டுக்கும் ஒன்றுதான், வரும் இடம்தான் வேறு. எஃப்20சி அந்த 240-ஐ 8,300-இல் தரும், எஃப்22சி1 7,800-இலேயே தந்துவிடும் (2006-இல் அளக்கும் முறை மாறியதால் உங்கள் கறுப்பு வண்டியின் பேப்பரில் 237 இருக்கும், இன்ஜின் இளைத்துவிட்டது என்று பயப்படாதீர்கள்). டார்க் (சுழற்றும் விசை) 2.0-வில் சுமார் 208 நியூட்டன் மீட்டர், அதுவும் 7,500-இல். 2.2-இல் சுமார் 220, அது 6,500-இலேயே வந்துவிடும். பன்னிரண்டு நியூட்டன் மீட்டர் பெரிய விஷயமில்லை, ஆயிரம் ஆர்பிஎம் முன்னாலேயே கிடைப்பதுதான் விஷயம். ஊருக்குள் ஓட்டும்போது 2.2 கொஞ்சம் நிம்மதி, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். ஏபி1-இல் இரண்டாவது கியரில் மிதித்துக்கொண்டே இருங்கள். டேஷ்போர்டில் அந்த ஆரஞ்சு பட்டை வளைந்து ஏறிக்கொண்டே வரும், ஆறாயிரத்தில் விடெக் (வால்வைத் திறக்கும் கேமை மாற்றும் ஹோண்டாவின் அமைப்பு) மாறும்போது சத்தமே வேறாகிவிடும், அங்கேயிருந்து இன்னும் மூவாயிரம் பாக்கி இருக்கும். 9,000-இல் வண்டி சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஏபி2-இல் முதல் நான்கு கியர்களையும் நாலு சதவீதம் குட்டையாக்கிவிட்டார்கள், ரெட்லைனும் (இன்ஜின் சுழலக்கூடிய மேல் எல்லை) கீழே. அதனால் இரண்டாவதில் 100-ஐத் தொடுவதற்குள் இன்ஜின் கட் ஆகிவிடும், மூன்றாவதுக்குப் போயே ஆகவேண்டும். சும்மாவா அந்த இன்ஜின் 2000 முதல் 2004 வரை தொடர்ந்து ஐந்து வருடம் 1.8–2.0 லிட்டர் பிரிவில் உலகின் சிறந்த இன்ஜின் விருது வாங்கியது!

டர்போ பற்றி பெரியவர்கள் சொல்வார்கள். என் கருத்து, இதற்கு டர்போ போடுவது நாதஸ்வரத்துக்கு ஆம்ப்ளிஃபையர் வைப்பது மாதிரி.

பழையபட்டறை எழுதியது:

தம்பி, ரெட்லைன் சொன்ன எண்கள் சரி. ஆனால் ஏன் அப்படி என்பது தெரிந்தால் உனக்கு முடிவெடுக்கச் சுலபம், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இரண்டு இன்ஜினுக்கும் பிளாக்கின் அடிப்படை ஒன்றுதான், போர் (சிலிண்டரின் விட்டம்) இரண்டிலும் 87 மி.மீ. ஸ்ட்ரோக்தான் (பிஸ்டன் ஓடும் தூரம்) வேறு: 2.0-வில் 84 மி.மீ., 2.2-இல் 90.7 மி.மீ. பிஸ்டன் ஒரு சுற்றில் இந்தத் தூரத்தை மேலே ஒருமுறை கீழே ஒருமுறை ஓடுகிறது. கணக்குப் போட்டுப் பார், 2.0 இன்ஜினில் 9,000-இல் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 25 மீட்டர். 2.2-இல் 8,200-இலேயே கிட்டத்தட்ட அதே 25 வந்துவிடுகிறது. ஹோண்டாக்காரன் ரெட்லைனைக் குறைத்தது கஞ்சத்தனத்தால் இல்லை, கணக்கு அங்கேதான் நிற்கிறது. ஈசியூவை (இன்ஜின் கம்ப்யூட்டரை) மாற்றி 2.2-ஐயும் 9,000 வரை இழுக்கிறேன் என்று ஒரு கூட்டம் கிளம்பும், அப்போது 27 மீட்டரைத் தாண்டும், அது உன் காசு உன் ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு).

ராடில் இன்னொரு அழகு இருக்கிறது. 2.0-வின் ராட் 153 மி.மீ., 2.2-இன் ராட் 149.65 மி.மீ. ஸ்ட்ரோக்கில் பாதியை ராடோடு கூட்டிப் பார்: 42-உம் 153-உம் 195. 45.35-உம் 149.65-உம் அதே 195. அதாவது பிஸ்டன் மேலே ஏறி நிற்கும் இடம் மாறாமல் இருக்க, கிராங்க் எவ்வளவு நீண்டதோ அவ்வளவு ராடைக் குறைத்திருக்கிறார்கள். நீ கேட்ட கிராங்க் மாற்றம் சாத்தியமாவது இதனால்தான். கிராங்க், ராட், பிஸ்டன் மூன்றையும் 2.2-இலிருந்து எடுத்து 2.0 பிளாக்கில் போட்டவர்கள் நிறைய. ஆனால் அதற்கு இன்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டும், அந்தக் கூலிக்கு ஆரம்பத்திலேயே 2.2 வண்டி வாங்கிவிடலாம். ஏற்கெனவே இன்ஜின் போன ஏபி1 கையில் இருப்பவனுக்குத்தான் அது புத்திசாலித்தனம்.

அடுத்தது சிலிண்டர் சுவர். இது சாதாரண இரும்பு லைனர் இல்லை. அலுமினியத்துக்குள் கார்பன் நாரும் அலுமினா நாரும் கலந்து வார்த்தது, ஹோண்டாவில் எஃப்ஆர்எம் என்பார்கள், என்எஸ்எக்ஸ்-இன் 3.2 லிட்டரிலும் இதேதான். வெப்பத்தை நன்றாகக் கடத்தும், இலேசு, நன்றாக உழைக்கும். ஆனால் ஒருமுறை கீறல் விழுந்தால் தெருமுனைப் பட்டறையில் கொடுத்துக் கடைந்து பெரிதாக்கிக்கொண்டு வர முடியாது. கண்ட ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டனையும் போட முடியாது, சுவரைத் தின்றுவிடும், இதற்கென்று பூச்சு போட்ட பிஸ்டன் வேண்டும் அல்லது இரும்பு ஸ்லீவ் (உறை) இறக்க வேண்டும். பெரிய பவருக்குப் போகிறவன் கடைசியில் ஸ்லீவுக்குத்தான் வந்து நிற்பான்.

இந்த இன்ஜின் ஆயில் குடிக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குடிப்பதைப் பார்க்காமல் விடுவதுதான் குற்றம். மட்டம் குறைந்தால் முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் நாலாவது சிலிண்டர். ஆரம்ப வண்டிகளில் பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சும் போல்ட்டில் இரண்டு துளைதான் இருந்தது, பிறகு ஹோண்டாவே நாலு துளையாக மாற்றியது. 2002-இல் அது பிரச்சினையாக இருக்காது, இருந்தாலும் கேட்டு வை.

வால்வ் ரிடெய்னர் (வால்வின் ஸ்ப்ரிங்கைப் பிடித்து நிறுத்தும் தட்டு) பற்றி என் சொந்தக் கதையையே சொல்கிறேன், கேட்டுக்கொள். பல வருடம் முன்னால் என் ஏபி1-இல் ஒரு டிராக் நாளில் மூன்றாவதிலிருந்து நாலாவதுக்குப் போக வேண்டியவன் அவசரத்தில் இரண்டாவதில் போட்டேன். ஈசியூ பெட்ரோலைத்தான் நிறுத்தும், சக்கரம் இன்ஜினைச் சுழற்றுவதை எது நிறுத்தும்? ஒரு நொடிதான், கிளட்சை மிதித்துவிட்டேன், வண்டி நின்றது, திரும்ப ஸ்டார்ட் ஆனது, ஒரு சத்தமும் இல்லை. தப்பித்தோம் என்று சந்தோஷமாக வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். மூன்று மாதம் கழித்து, காலையில் பால் வாங்கப் போகும்போது, நாலாயிரம் ஆர்பிஎம் கூட இல்லை, டக் என்று ஒரு சத்தம். அன்றைக்கே ரிடெய்னரில் முடிமாதிரி விரிசல் விழுந்திருக்கிறது, அது மூன்று மாதம் பொறுத்து வால்வை உள்ளே விட்டது. ஹெட்டைத் திறந்து பார்த்தபோது பிஸ்டன் மேலே வால்வின் வட்டம் முத்திரை குத்தினமாதிரி இருந்தது. ஏபி1 வாங்கினால் முதல் வேலையாக ஏபி2-இன் ரிடெய்னரையும் அதை வால்வோடு பூட்டும் கீப்பரையும் வாங்கிப் போடு. அவை இதைவிடத் தடிப்பானவை, விலையும் பெரிதில்லை, ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம்.

டர்போ கேள்விக்கு வருகிறேன். சக்கரத்தில் 400 என்றால் 2.0, 2.2 இரண்டுமே நல்ல டியூனிங்கில் தாங்கும், என் கண்ணால் இரண்டையும் பார்த்திருக்கிறேன். எட்டு சதவீதம் கூடுதல் கொள்ளளவு இருப்பதால் 2.2-இல் டர்போ கொஞ்சம் முன்னால் எழும். 2.0-வில் ராட் நீளம், ஸ்ட்ரோக் குட்டை, அதனால் மேலே சுழல அதற்குப் பிடிக்கும். ஆக, எந்த இன்ஜின் என்று கேட்காதே, எந்த நிலையில் இருக்கும் இன்ஜின் என்று கேள். கம்ப்ரஷன் டெஸ்ட் மட்டும் போதாது, லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்யச் சொல். நாலு சிலிண்டரும் பத்து சதவீதத்துக்குள், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். விற்கிறவர் டெஸ்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா, கும்பிடு போட்டுவிட்டு வா.

லெஸ்டர்வாசி எழுதியது:

இங்கிலாந்திலிருந்து ஒரு குரல். எங்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை, ஐரோப்பாவுக்கு 2.2 வரவே இல்லை, 2009-இல் உற்பத்தி நிற்கும்வரை எஃப்20சி மட்டும்தான். அதனால் இங்கே எல்லோரும் இதை வைத்தே எல்லா விஷப்பரீட்சையும் செய்து முடித்துவிட்டார்கள்.

டர்போவை மட்டும் ஏன் யோசிக்கிறீர்கள்? நான் என் 2004 வண்டியில் ரோட்ரெக்ஸ் வகை சூப்பர்சார்ஜர் (இன்ஜினே சுழற்றும் காற்று அமுக்கி) போட்டிருக்கிறேன், இன்ஜினுக்குள் கையே வைக்கவில்லை, சக்கரத்தில் 300-ஐத் தாண்டியது. ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்டும் (உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தமும்) சேர்ந்து ஏறும், அதனால் இந்த இன்ஜினின் குணம் மாறவில்லை, அதே குணம்தான், கோபம் மட்டும் அதிகம். கீழே இழுவை வேண்டும் என்றால் அது தராது, அதற்கு டர்போதான். ஆனால் டர்போவில் 3,500-இலேயே டார்க் கொட்டும், அது எங்கே போகும்? கிளட்சுக்கும் பின்னால் இருக்கும் டிஃபரன்ஷியலுக்கும் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர்). நின்ற இடத்திலிருந்து கிளட்சை உதறி ஓட்டுகிறவர்களின் டிஃபரன்ஷியல் முதலில் போகும், இன்ஜின் பிறகுதான்.

பெட்ரோல் பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்த இன்ஜின்களின் கம்ப்ரஷனே (சிலிண்டரில் கலவை அமுங்கும் விகிதம்) 11-க்கு 1 (ஜப்பானில் விற்ற 2.0-வில் 11.7, அதனால்தான் அங்கே 250 குதிரைத்திறன்). இதன்மேல் பூஸ்ட் ஏற்றினால் நாக்கிங்தான் (பெட்ரோல் நேரம் தப்பி வெடிப்பது) முதல் எதிரி. இணையத்தில் எங்கள் ஆட்கள் 99 ஆக்டேனில் இவ்வளவு எடுத்தேன் என்று எழுதுவதைப் பார்த்து உங்கள் பம்பில் 91 அடித்து அதே பூஸ்ட் ஓட்டாதீர்கள். அளவுகோலே வேறு. உங்கள் 91 எங்கள் கணக்கில் சுமார் 95, 96. உங்கள் ஊரில் 94 கிடைக்கும் இடம் இருக்கிறது, அது கிட்டத்தட்ட எங்கள் 98, 99-க்கு வரும். டியூன் செய்யும்போது எந்தப் பெட்ரோலோ அதையே கடைசிவரை அடிக்க வேண்டும்.

கோவைகியர் எழுதியது:

என்னிடம் இருப்பது பழைய சிட்டி விடெக், எஸ்2000-ஐ நேரில் பார்த்ததுகூட இல்லை, இருந்தாலும் ஒரு சந்தேகம். இவ்வளவு கஷ்டப்படுவதற்கு ஹோண்டாவின் கே24 இன்ஜினைத் தூக்கி வைத்துவிட்டால் என்ன? 2.4 லிட்டர், 99 மி.மீ. ஸ்ட்ரோக், பாகமும் மலிவு என்கிறார்களே.

பழையபட்டறை எழுதியது:

வைக்கலாம் தம்பி, அமெரிக்காவில் அது ஒரு தனி மதமாகவே ஆகிவிட்டது. எஃப்20சி இன்ஜின் ஒன்று தேடி வாங்கும் விலையில் கே24 இரண்டு வரும். டிராக்கில் மட்டும் ஓட்டுகிறவனுக்கு அதுதான் சரி, போனால் போகட்டும் என்று இன்னொன்றைத் தூக்கிப் போடலாம். ஆனால் நல்ல இன்ஜினோடு வரும் வண்டியில் அதைச் செய்வதற்கு எனக்கு மனசு வராது. அடாப்டர், மவுண்ட், வயரிங், எக்ஸாஸ்ட் என்று பில் எங்கே போய் நிற்கும் என்பதையும் யாரும் முதல் பக்கத்தில் எழுதுவதில்லை.

மார்க்கம்மாலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, அண்ணா உங்கள் 195 கணக்கை இரவு உட்கார்ந்து பேப்பரில் போட்டுப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது, இவ்வளவு எளிமையாகவா என்று.

இன்னும் ஒரு கேள்வி. டர்போ ஒரு வருடம் கழித்துத்தான். அதுவரை இன்டேக் (காற்று உள்ளே வரும் குழாய்), ஹெடர் (இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் முதல் குழாய்), எக்ஸாஸ்ட், டியூன் என்று போனால் எந்த இன்ஜினில் என்ன கிடைக்கும்?

ரெட்லைன்9000 எழுதியது:

நேர்மையாகச் சொல்கிறேன், வலிக்கும்: 2.0-வில் ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது. லிட்டருக்கு 120 குதிரைத்திறன் ஃபேக்டரியிலேயே பிழிந்து எடுத்துவிட்டார்கள், மிச்சம் வைக்கவில்லை. நான் இன்டேக், ஹெடர், எக்ஸாஸ்ட் எல்லாம் போட்டு, செலவுக் கணக்கை ஒரு எக்செல்லில் வைத்திருந்து, பிறகு அந்த ஃபைலையே அழித்துவிட்டேன். டைனோவில் (பவர் அளக்கும் மெஷினில்) ஏறியது பதினைந்து குதிரைத்திறன்கூட இல்லை, சத்தம்தான் ஏறியது. உருப்படியாகக் கிடைத்த ஒன்று, விடெக் மாறும் இடத்தைக் கீழே கொண்டுவந்தது. ஆறாயிரத்துக்குப் பதிலாக ஐயாயிரத்துக்குப் பக்கத்திலேயே பெரிய கேம் பிடித்துக்கொள்கிறது, நடுவில் இருந்த பள்ளம் நிரம்பியது. அது ஓட்டும்போது தெரியும்.

இந்த ஒரு விஷயத்தில் 2006-க்கு ஓட்டுப் போடுகிறேன். அந்த வருடம் முதல் ஆக்சிலேட்டர் எலக்ட்ரானிக், ஃபேக்டரி ஈசியூவையே ஹோண்டாடா நிறுவனத்தின் ஃப்ளாஷ்ப்ரோ கருவியை வைத்து மாற்றி எழுதலாம். என் மாதிரி கேபிள் வண்டிக்கு ஈசியூவையே தனியாக வாங்க வேண்டும், வயரோடு மல்லுக்கட்ட வேண்டும். பிறகு டர்போ போடும்போதும் இந்த வித்தியாசம் உங்கள் பில்லில் தெரியும்.

சொல்லிவிட்டேன், ஏபி1 குழுவிலிருந்து என்னை நீக்கிவிடுவார்கள்.

லெஸ்டர்வாசி எழுதியது:

முதல் காசை டயருக்கும் பிரேக் பேடுக்கும் போடுங்கள். ஏபி1-இன் பின்பக்கம் ஈரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பும், ஏபி2-இல் சஸ்பென்ஷன் அமைப்பை மாற்றி, சக்கரத்தையும் 16 அங்குலத்திலிருந்து 17 ஆக்கியதே அதை அடக்கத்தான். 2006-இல் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் உண்டு, ஏபி1-இல் உங்கள் வலது கால்தான் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். இரண்டையும் ஓட்டாமல் முடிவு செய்யாதீர்கள்.

பழையபட்டறை எழுதியது:

ஒன்டாரியோவில் இருப்பதால் இன்னொன்று. டர்போ போட்டால் இன்சூரன்ஸ்காரனிடம் சொல்லிவிடு, மறைத்து மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். வேக வரம்பைவிட 50 கிலோமீட்டர் கூடினால் வண்டியை 14 நாள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். 400 குதிரைத்திறனை எங்கே செலவழிப்பாய்? மோஸ்போர்ட், கயூகா மாதிரி ரேஸ் டிராக்குக்கு ஒரு நாள் ஸ்டாக் வண்டியோடு போய்ப் பார், அதற்குப் பிறகும் பவர் போதவில்லை என்று தோன்றினால் இங்கே வந்து திட்டு.

மார்க்கம்மாலை எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

இரண்டு வண்டியையும் லீக்டவுன் செய்தாயிற்று. கறுப்பு 2006-ஐ வாங்குவது என்று பாதி முடிவோடுதான் போனேன், கிலோமீட்டரும் குறைவு, ஃப்ளாஷ்ப்ரோ ஆசையும் காட்டிவிட்டீர்கள். முதல் மூன்று சிலிண்டர் 5, 6, 5 சதவீதம். நாலாவது 21. மெக்கானிக் திரும்ப ஒருமுறை செய்தார், அதே 21, ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே காற்று புஸ் என்று வருவது காதில் கேட்டது. டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துப் பார்த்தோம், நுனியில் ஒரு பொட்டு ஆயில். விற்கிறவர் “ஹோண்டாதானே, ஒன்றும் ஆகாது” என்றார்.

வெள்ளி ஏபி1-இல் 4, 5, 4, 6. அதன் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஒரு வயதானவர், கையுறைப் பெட்டியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆயில் ஊற்றினேன் என்று பதினாறு வருடக் கணக்கு. ரிடெய்னர் மாற்றிய பில்லும் நடுவில் மடித்து வைத்திருந்தார். டெஸ்ட் செய்யலாமா என்று தயங்கிக் கேட்டேன், “செய்யாமல் வாங்கினால்தான் உன்மேல் சந்தேகப்படுவேன்” என்றார்.

வெள்ளியை எடுத்துவிட்டேன். மிச்ச ஏழாயிரத்தில் நாலு டயர், பிரேக் பேட், கயூகாவில் இரண்டு நாள் போக மீதி டர்போ உண்டியலில். ரெட்லைன் ப்ரோ, நேற்று ஹைவேயில் ஏறும் வளைவில் இரண்டாவது கியரில் ஒரே ஒருமுறை 9,000 பார்த்தேன், நீங்கள் சொன்ன அந்த நாதஸ்வரம் புரிந்தது.

ரெட்லைன்9000 எழுதியது:

உண்டியலை உடைக்க மாட்டீர்கள் பாருங்கள்.

பழையபட்டறை எழுதியது:

நல்ல வேலை செய்தாய். பெட்ரோல் போடும்போதெல்லாம் ஸ்டிக்கை எடுத்துப் பார். அந்த நோட்டை அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாயா?

மார்க்கம்மாலை எழுதியது:

வாங்கிவிட்டேன் அண்ணா. இன்னும் பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது.